வந்த கடிதம் எங்கே போனது? ஸ்பேம் வடிகட்டி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் சில கடைகள், துணைப்பாட நிலையங்கள், வேலை நியமன முகவை ஒன்று, இரண்டொரு சமூக அமைப்புகள் ஆகியவற்றின் மின்னஞ்சலைக் கவனித்துக்கொள்வது என் பிழைப்பு. கேட்கிறவர்கள் மாறுகிறார்களே தவிர கேள்விகள் மாறுவதில்லை. அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைத்திருக்கிறேன். எளியவை முதலில் வரும். போகப் போகச் சற்றுச் சிக்கலானவை.

தம்பி, எது ஸ்பேம், எது நல்ல கடிதம் என்று யார் முடிவு செய்கிறார்கள்? யாராவது உட்கார்ந்து படிக்கிறார்களா?

யாரும் படிப்பதில்லை. ஸ்பேமை, அதாவது கேட்காமல் வரும் குப்பை அஞ்சலைப் பிரிக்கும் வடிகட்டி ஒரு மென்பொருள். அது ஒவ்வொரு கடிதத்துக்கும் மதிப்பெண் போடுகிறது. அனுப்பிய சர்வருக்கு (அஞ்சலைக் கையாளும் கணினிக்கு) இதுவரை எப்படிப்பட்ட பெயர், அனுப்புநர் முகவரி உண்மையானதுதானா, உள்ளே உள்ள லிங்க் எங்கே கொண்டுபோகிறது, இதே கடிதம் கிடைத்த மற்றவர்கள் அதை என்ன செய்தார்கள், இவருக்கு நீங்கள் முன்பு எப்போதாவது பதில் எழுதியிருக்கிறீர்களா என்று பலவற்றைப் பார்த்துக் கூட்டுகிறது. கூட்டுத்தொகை ஓர் எல்லையைத் தாண்டினால் அது ஸ்பேம். பல நிறுவன சர்வர்களில் ஓடும் ஸ்பேம்அசாசின் என்ற மென்பொருளில் அந்த எல்லை வழக்கமாக 5. ஜிமெயிலும் அவுட்லுக்கும் தங்கள் கணக்கை வெளியே காட்டுவதில்லை, ஆனால் நடப்பது ஏறக்குறைய இதுதான்.

மளிகை இறக்குமதி செய்யும் கடை ஒன்றில், தூத்துக்குடி ஏற்றுமதியாளர் அனுப்பிய விலைப்புள்ளி ஸ்பேமில் கிடந்தது. கடிதத்தின் மறைந்திருக்கும் தலைப்பகுதியைத் திறந்து பார்த்தால் காரணம் வரிசையாக எழுதப்பட்டிருந்தது. அவர் புதிதாக மாறியிருந்த அஞ்சல் சேவை அவருடைய டொமைனில் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயரில்) பதிவாகவில்லை. அதற்குக் கொஞ்சம் மதிப்பெண். கடிதத்தில் எழுத்தே இல்லாமல் விலைப்பட்டியல் ஒரே படமாக இருந்தது, அதற்குக் கொஞ்சம். சுருக்கிய லிங்க் ஒன்று. பொருள் வரி முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் ‘அவசரம்’ என்று கூவிக்கொண்டிருந்தது. தனித்தனியே எதுவும் குற்றமில்லை. நான்கும் சேர்ந்து எல்லையைத் தாண்டிவிட்டன. நல்ல கடிதங்கள் பெரும்பாலும் இப்படித்தான் மாட்டிக்கொள்கின்றன.

வேண்டிய கடிதம் ஸ்பேமில் கிடந்தது. எடுத்துப் படித்துவிட்டேன். அது போதாதா?

போதாது. படித்துவிட்டு அங்கேயே விட்டால், வடிகட்டி தான் செய்தது சரி என்றே நினைத்துக்கொள்ளும். ‘ஸ்பேம் அல்ல’ என்ற பொத்தானை அழுத்துங்கள். பிறகு அனுப்பியவரைத் தொடர்புப் பட்டியலில் சேருங்கள். முடிந்தால் ‘கிடைத்தது, நன்றி’ என்று ஒரு வரி பதில் எழுதுங்கள். இரு பக்கமும் கடிதம் போய் வருகிறது என்பது வடிகட்டிக்கு நல்ல சான்று.

இன்னொன்று: ஸ்பேமில் கிடப்பது அங்கேயே நிரந்தரமாக இருக்காது. ஜிமெயில் 30 நாள் கழித்துத் தானாகவே அழித்துவிடும். மற்ற சேவைகளிலும் இதுபோன்ற கெடு உண்டு.

அப்படியானால் அந்தக் குப்பையை எத்தனை நாளுக்கு ஒருமுறை கிளறிப் பார்ப்பது?

சொந்த முகவரி என்றால் வாரம் ஒருமுறை. வியாபார முகவரி என்றால் தினமும், கடை திறந்தவுடன். அனுப்பியவர் பெயரையும் பொருள் வரியையும் மட்டும் ஓட்டிப் பாருங்கள். எதையும் திறக்க வேண்டாம், லிங்கை அழுத்தவே வேண்டாம். பழகிய கண்ணுக்கு இரண்டு நிமிட வேலை.

டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போய்ப் பொங்கல் முடித்துத் திரும்புகிறவர்கள் நடுவில் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும். அந்த 30 நாள் கெடு உங்கள் விடுமுறைக்காகக் காத்திருக்காது.

ஸ்பேமிலும் இல்லை, இன்பாக்ஸிலும் இல்லை. அனுப்பினேன் என்று அவர் சத்தியம் செய்கிறார். எங்கே போனது?

ஒளிந்துகொள்ள இடம் நிறைய உண்டு. ஜிமெயிலில் ‘விளம்பரங்கள்’ என்ற தாவலைப் பாருங்கள். அவுட்லுக்கில் இன்பாக்ஸ் இரண்டாகப் பிரிந்திருக்கும்; ‘மற்றவை’ என்ற பக்கத்தைப் பாருங்கள். பிறகு நீங்களே எப்போதோ எழுதி மறந்த விதிகளைப் பாருங்கள். பழைய ஊழியர் ஒருவர் போட்டுவைத்த ‘இன்வாய்ஸ் என்று இருந்தால் இந்தக் கோப்புறைக்கு அனுப்பு’ என்ற விதி, அவர் வேலையை விட்டுப் போன பிறகும் உழைத்துக்கொண்டே இருக்கும். நிறுவனம் மைக்ரோசாப்ட் 365 பயன்படுத்தினால், கடிதம் உங்களிடம் வருவதற்கு முன்பே தனிமைப்பகுதியில் நிறுத்தப்பட்டிருக்கலாம். அது உங்கள் ஸ்பேம் கோப்புறையில் தெரியாது. நிர்வாகியிடம் கேட்க வேண்டும். அங்கேயும் அதிகபட்சம் 30 நாள்தான்.

நான் அதிகம் பார்க்கும் காரணம் வேறு. கடைக்கணினியில் உள்ள அவுட்லுக் ‘பாப்’ முறையில் அஞ்சலை இறக்கிக்கொண்டிருக்கும். பாப் முறை சர்வரின் இன்பாக்ஸை மட்டுமே அறியும். சர்வர் ஒரு கடிதத்தைத் தன் ஸ்பேம் கோப்புறையில் போட்டுவிட்டால் அது கணினிக்கு இறங்கி வராது. உலாவியில் சர்வரின் அஞ்சல் பக்கத்தைத் திறந்தால் ஒழிய, அப்படி ஒரு கோப்புறை இருப்பதே தெரியாது. ஆண்டுக்கணக்கில் யாரும் எட்டிப் பார்க்காத அத்தகைய கோப்புறையில் வாடிக்கையாளர்களின் ஆர்டர்கள் கிடந்ததைக் கண்டிருக்கிறேன். ‘ஐமேப்’ முறைக்கு மாறிக்கொள்ளுங்கள். எல்லாக் கோப்புறைகளும் எல்லாக் கருவிகளிலும் தெரியும்.

இவை எதிலும் இல்லையென்றால், கடிதம் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருக்கலாம். ‘சேரவில்லை’ என்று ஒரு தகவல் அவருக்குப் போயிருக்கும். அதைத் தேடி அனுப்பச் சொல்லுங்கள்; காரணம் அதிலேயே எழுதியிருக்கும். கூகல் கணக்கின் இலவச இடமான 15 ஜிகாபைட் நிரம்பிவிட்டாலும் இதுதான் நடக்கும். பேரப்பிள்ளைகளின் காணொளிகளும் மின்னஞ்சலும் ஒரே இடத்தைத்தான் பகிர்ந்துகொள்கின்றன.

‘இலவசம்’, ‘கடன்’, ‘வேலை’ என்ற சொற்கள் இருந்தாலே அழித்துவிடும்படி விதி போட்டுவிட்டேன். நல்ல யோசனைதானே?

இல்லை. இதைக் கேட்டவர் வேலை நியமன முகவையில் இருக்கிறார் என்பதைச் சேர்த்துச் சொன்னால் உங்களுக்கே புரியும்.

தனிச் சொல்லை வைத்துத் தடுப்பது இருபது ஆண்டுக்கு முந்தைய பழக்கம். ஸ்பேம் அனுப்புகிறவர் ஓர் எழுத்தை மாற்றித் தப்பித்துவிடுவார்; மாற்றத் தெரியாத நல்லவர் மாட்டிக்கொள்வார். சியாலிஸ் என்ற மாத்திரையின் பெயரைத் தடுத்தவர்களுக்கு மருத்துவமனைக் கடிதங்கள் வராமல் போன கதை பழையது: ஸ்பெஷலிஸ்ட் என்று ஆங்கிலத்தில் எழுதினால் அதன் நடுவில் அந்த மாத்திரைப் பெயர் முழுதாக உட்கார்ந்திருக்கும். சொல்லை வைத்து விதி போட்டே ஆகவேண்டும் என்றால் ‘அழி’ என்பதை எடுத்துவிட்டு, ‘இந்தக் கோப்புறைக்கு நகர்த்து’ என்று மாற்றுங்கள்.

நம்பகமான வாடிக்கையாளர்கள்தானே, அவர்களுடைய டொமைனையே அனுமதிப் பட்டியலில் போட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது அல்லவா?

தொல்லை இடம் மாறும். மின்னஞ்சலில் ‘அனுப்புநர்’ என்ற இடத்தில் யார் பெயரையும் யாரும் எழுதலாம். அனுமதிப் பட்டியல் என்பது, ‘என் தம்பி பெயரைச் சொல்லி யார் வந்தாலும் உள்ளே விடு’ என்று கட்டடக் காவலாளியிடம் சொல்லிவைப்பது போன்றது. தம்பிக்குத் தடையில்லை, பெயர் தெரிந்த திருடனுக்கும் தடையில்லை.

மூன்றைப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. முதலாவது உங்கள் சொந்த டொமைன். முதலாளி பெயரில் கணக்காளருக்கு ‘உடனே இந்தக் கணக்கில் பணம் போடு’ என்று வரும் மோசடிக் கடிதத்துக்கு அதுதான் திறந்த வாசல். இரண்டாவது ஜிமெயில், யாகூ போன்ற பொது டொமைன்கள். மூன்றாவது ‘டாட் எஸ்ஜி’, ‘டாட் இன்’ என்று முடியும் எல்லாமும்.

சேர்க்க வேண்டியது தனி முகவரியை. அதையும், அடையாளச் சோதனையில் தேறினால் மட்டும் விடும்படி சேர்க்க முடிந்தால் நல்லது. ஸ்பேம்அசாசினில் இதற்கு இரண்டு கட்டளைகள் உண்டு: ஒன்று பெயரை மட்டும் பார்த்து விடும், ‘ஆத்’ என்று முடியும் மற்றொன்று, அந்தப் பெயருக்கு உரியவர்தான் அனுப்பினார் என்பது உறுதியானால் மட்டும் விடும். இரண்டாவதையே பயன்படுத்துங்கள். ஆண்டுக்கு ஒருமுறை பட்டியலைத் திறந்து, தொடர்பு விட்டுப்போனவர்களை நீக்குங்கள்.

அந்த அடையாளச் சோதனை என்பது என்ன? எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று ஏதேதோ சொல்கிறார்கள்.

சுருக்கமாகச் சொன்னால்: என் டொமைன் பெயரில் எந்தெந்த சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல் எஸ்பிஎஃப். கடிதத்தில் இடும் மின்கையெழுத்து டிகேஐஎம். வழியில் யாராவது ஒரு வரியை மாற்றினால் கையெழுத்து செல்லாமல் போகும். இவற்றில் ஏதாவது ஒன்று தேறி, அது ‘அனுப்புநர்’ பெயரோடும் பொருந்துகிறதா என்று பார்ப்பதும், பொருந்தாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று டொமைன்காரர் சொல்லிவைப்பதும் டிமார்க்.

ஒன்றை மறக்க வேண்டாம். சோதனையில் தேறிவிட்டது என்றால் அனுப்பியவர் யார் என்பது தெரிந்தது, அவ்வளவுதான். அவர் யோக்கியரா என்பது தெரியாது. மோசடிக்காரரும் சொந்தமாக ஒரு டொமைன் வாங்கி மூன்றையும் ஒழுங்காக அமைத்துக்கொள்ளலாம், அமைத்துக்கொள்கிறார்கள்.

வங்கிக் கடிதம் ஸ்பேமில் இருக்கிறது. மோசடிக் கடிதம் இன்பாக்ஸில் இருக்கிறது. எதைத்தான் நம்புவது?

கடிதம் இருக்கும் இடத்தை நம்ப வேண்டாம். வங்கி எழுதியது என்று தோன்றினால் கடிதத்தை மூடிவிட்டு வங்கியின் செயலியை நீங்களே திறந்து பாருங்கள். சிங்கப்பூரில் 2022 ஜனவரியில் நாணய ஆணையம் வங்கிகளுக்குப் புதிய கட்டுப்பாடுகளை விதித்தது. தனிநபர் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் அழுத்தினால் திறக்கும் லிங்க் இருக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. எனவே ‘உங்கள் கணக்கு முடக்கப்பட்டது, இங்கே அழுத்துங்கள்’ என்று வந்தால், வடிகட்டி என்ன சொன்னாலும் அது மோசடி என்றே வைத்துக்கொள்ளலாம். ஐயமாக இருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

அரசாங்கக் கடிதங்களுக்கு, முகவரியின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். பெரும்பாலும் ‘ஜிஓவி டாட் எஸ்ஜி’ என்று முடியும். கடைசிப் பகுதி என்பது முக்கியம். அந்த எழுத்துகள் நடுவில் வந்து, அதற்குப் பின்னால் வேறு ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அது அரசாங்கம் அல்ல.

சிங்கப்பூரில்தான் சட்டம் இருக்கிறதே. டிஎன்சி பதிவேட்டில் என் எண்ணைக் கொடுத்துவிட்டேன். பிறகும் ஏன் வருகிறது?

டிஎன்சி என்ற அழைக்க வேண்டாதோர் பதிவேடு தொலைபேசி அழைப்பு, குறுஞ்செய்தி, தொலைநகல் ஆகியவற்றுக்கு உரியது. மின்னஞ்சலுக்கு அது பொருந்தாது. மின்னஞ்சலுக்கு இருப்பது 2007ஆம் ஆண்டின் ஸ்பேம் கட்டுப்பாட்டுச் சட்டம். கேட்காமல் மொத்தமாக விளம்பரம் அனுப்புவதை அது தடை செய்யவில்லை, முறைப்படுத்துகிறது. பொருள் வரியின் தொடக்கத்தில் <ஏடிவி> என்ற அடையாளம் (விளம்பரம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) வேண்டும். விலகிக்கொள்ள வழி தர வேண்டும். விலகுகிறேன் என்று சொன்னவருக்கு 10 வேலைநாளுக்குப் பிறகு அனுப்பக் கூடாது. 24 மணி நேரத்தில் 100க்கு மேல், 30 நாளில் 1,000க்கு மேல், ஓராண்டில் 10,000க்கு மேல் அனுப்பினால் அது ‘மொத்தமாக’ அனுப்புவது.

இதில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பொருள் வரி அந்த ஆங்கில அடையாளத்தோடு தொடங்கினால் தனிக் கோப்புறைக்கு நகர்த்தும்படி விதி போடுங்கள். சட்டத்தை மதிக்கும் விளம்பரதாரர்கள் எல்லாரும் அங்கே போய்விடுவார்கள். மதிக்காதவர்கள் வடிகட்டியின் பொறுப்பு. தெரிந்த நிறுவனம் என்றால் ‘விலகு’ லிங்கை அழுத்தலாம். முன்பின் தெரியாதவர் என்றால் அழுத்த வேண்டாம். இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று நீங்களே காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

தமிழில் எழுதினால் ஸ்பேமுக்குப் போகும் என்கிறார்களே, உண்மையா?

தமிழ் என்பதற்காக மட்டும் போவதில்லை. யூனிகோட் எழுத்து எல்லா இடத்திலும் ஒழுங்காகவே கையாளப்படுகிறது. ஆனால் சங்கத்துக்காரர்கள் பலர் அழைப்பிதழை முழுவதும் படமாக்கி, கீழே ஒரு வரிகூட எழுதாமல் அனுப்புகிறார்கள். மேலே சொன்ன தூத்துக்குடிக் கடிதத்துக்கு நேர்ந்ததுதான் அதற்கும் நேரும். நிகழ்ச்சியின் பெயர், நாள், இடம் மூன்றையும் எழுத்தாகவும் போடுங்கள். கண்பார்வை குறைந்த மூத்தோருக்கும் அது உதவும்.

மொழி காரணமாகவே தடைபடும் இடங்களும் இருக்கின்றன. மைக்ரோசாப்ட் 365இல் குறிப்பிட்ட மொழிகளில் வரும் கடிதங்களையும், குறிப்பிட்ட நாடுகளிலிருந்து வருவனவற்றையும் ஸ்பேமாக்கும் அமைப்பு உண்டு. பழைய அவுட்லுக்கிலும் நாட்டு டொமைன்களைத் தடுக்கும் பட்டியல் இருக்கிறது. ஆங்கிலம் தவிர மற்றதெல்லாம் வேண்டாம் என்று யாரோ ஒரு நிர்வாகி குறியிட்டிருந்தால் தமிழும் போகும். ‘டாட் இன்’னைத் தடுத்திருந்தால் சென்னை ஆடிட்டரின் கடிதமும் போகும். கடிதங்கள் ஒட்டுமொத்தமாக ஒரு திசையிலிருந்து மட்டும் வரவில்லை என்றால் முதலில் இங்கே பாருங்கள்.

வடிகட்டிக்குக் ‘கற்றுக்கொடுக்கலாம்’ என்றார்கள். எப்படி?

ஒரு சொல் உங்கள் நல்ல கடிதங்களில் எத்தனை முறை வருகிறது, ஸ்பேமில் எத்தனை முறை வருகிறது என்று ஒப்பிட்டு வாய்ப்பைக் கணக்கிடுவது பேய்ஸ் முறை. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பாதிரியார் ஒருவரின் பெயரால் வழங்குவது. ஸ்பேம்அசாசினில் இந்த முறை, 200 ஸ்பேமும் 200 நல்ல கடிதமும் படித்த பிறகுதான் வாயைத் திறக்கும்.

எல்லாரும் ஸ்பேமை மட்டும் காட்டுகிறார்கள். நல்லதைக் காட்ட மறந்துவிடுகிறார்கள். உங்கள் அலுவலகத்துக்கு வரும் தமிழ்க் கடிதங்களில் விளம்பரங்களை மட்டும் ஸ்பேம் என்று காட்டி, நல்ல தமிழ்க் கடிதம் ஒன்றையும் காட்டாவிட்டால், தமிழ்ச் சொற்கள் எல்லாமே அதற்குச் சந்தேகத்துக்குரியவை ஆகிவிடும். முந்தைய கேள்விக்கு இன்னொரு விடை இதில் இருக்கிறது. நீங்களே பதிவு செய்து வாங்கும் செய்திமடல் அலுத்துவிட்டால் விலகிக்கொள்ளுங்கள். அதை ஸ்பேம் என்று குறிக்காதீர்கள். அதே நிறுவனத்தின் ரசீதும் பிறகு ஸ்பேமுக்குப் போகும்.

நான்கு பேர் ஒரே முகவரியைப் பார்க்கும் கடைகளில் இது இன்னும் சிக்கல். ஒருவர் ஸ்பேம் என்று குறிப்பதை மற்றவர் எடுத்துத் திரும்பப் போடுவார். குறிக்கும் உரிமையை ஒருவரிடம் விட்டுவிடுங்கள்.

எல்லையை 5லிருந்து 3 ஆகக் குறைத்தால் சுத்தமாக வடிகட்டும் என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா?

செய்யலாம், வியாபாரத்தையும் சேர்த்து வடிகட்டும். ஸ்பேம்அசாசினின் கையேடே, 5 என்பது தனி ஒருவருக்குப் பொருந்தும் கடுமையான அளவு என்றும், பலருக்குச் சேவை தருவோர் 8 அல்லது 10 என்று வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. நண்பர் எதிர்த்திசையில் போகச் சொல்கிறார்.

வடிகட்டி இரண்டு விதமாகத் தவறலாம். ஸ்பேம் உள்ளே வந்துவிட்டால் உங்களுக்கு நட்டம் ஒரு விநாடி. ஆர்டர் ஒன்று காணாமல் போனால் நட்டம் ஆயிரக்கணக்கான வெள்ளி. போனதே உங்களுக்குத் தெரியாது என்பது அதைவிட மோசம். இரண்டையும் ஒரே தராசில் வைத்து எல்லையை அமைக்கக் கூடாது. நான் அமைத்துக்கொடுக்கும் முறை இது: 5 வரை இன்பாக்ஸ். 5லிருந்து 15 வரை ஸ்பேம் கோப்புறை. 15க்கு மேல் வாசலிலேயே மறுப்பு. மறுப்பு என்றால் அழிப்பு அல்ல. நல்லவர் யாராவது அகப்பட்டிருந்தால் அவருக்குத் தகவல் போகும், தொலைபேசியை எடுத்துக் கேட்பார். ஓசையில்லாமல் அழிக்கும் அமைப்பை எந்த மதிப்பெண்ணுக்கும் நான் வைப்பதில்லை.

எல்லையை மாற்றுவதாக இருந்தால் அரை அரையாக மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு இரண்டு வாரம் ஸ்பேம் கோப்புறையைத் தினமும் பாருங்கள். ஒரே நாளில் மூன்று அமைப்புகளை மாற்றினால் எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

புதியவர் யாராவது எழுதினால் கால் மணி நேரம் கழித்துத்தான் வருகிறது. ஒருமுறைக் கடவுச்சொல்லும் காலாவதியாகி வந்து சேர்கிறது. ஏன்?

உங்கள் சர்வரில் ‘கிரேலிஸ்டிங்’ போட்டிருப்பார்கள். முன்பு பார்த்திராத சர்வர் வந்தால், ‘இப்போது முடியாது, பிறகு வா’ என்று தற்காலிகமாகத் திருப்பும். ஒழுங்கான சர்வர் சில நிமிடம் கழித்துத் திரும்ப வரும். அவசரத்தில் லட்சக்கணக்கில் தூவும் ஸ்பேம்காரர் வரமாட்டார். யோசனை நல்லதுதான். ஆனால் பெரிய அஞ்சல் சேவைகள் ஒவ்வொரு முயற்சிக்கும் வேறு சர்வரை அனுப்புவதுண்டு. ஒவ்வொன்றும் புதிய முகமாகத் தெரிவதால் தாமதம் நீளும். அத்தகைய சேவைகளுக்கு விலக்கு கொடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் கிரேலிஸ்டிங்கையே எடுத்துவிடச் சொல்லுங்கள். இன்றைய மற்றச் சோதனைகள் இருக்கும்போது அதை இழப்பதால் பெரிய குறை வராது.

சார், நாங்கள் பெற்றோருக்கு அனுப்பும் கடிதம் அவர்களுடைய ஸ்பேமில் விழுகிறது. நாங்கள் என்ன பாவம் செய்தோம்?

கேட்டது ஒரு துணைப்பாட நிலையம். இலவச ஜிமெயில் முகவரியிலிருந்து எல்லாப் பெற்றோரையும் மறைநகலில் போட்டு, பெரிய இணைப்போடு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இலவசக் கணக்குக்கு ஒரு நாளில் 500 பெறுநர் என்ற வரம்பு இருக்கிறது என்பது ஒருபுறம். ஒரே கடிதம் திடீரென்று நூற்றுக்கணக்கானோருக்குப் போவதே சந்தேகத்தைக் கிளப்பும் என்பது மறுபுறம்.

சொந்த டொமைன் வாங்கி, மேலே சொன்ன மூன்று அடையாளங்களையும் அமைத்து, மொத்த அஞ்சலுக்கென்றே உள்ள சேவை வழியாக அனுப்புங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம். ஒரே அழுத்தில் விலகும் வசதியும் வேண்டும். ஸ்பேம் புகார் 0.3 விழுக்காட்டை எட்டக் கூடாது. உங்கள் எண்ணிக்கை அதைவிட மிகக் குறைவுதான் என்றாலும் அதே ஒழுங்கு உங்களுக்கும் நல்லது. எஸ்பிஎஃப் பதிவில் புதிய சேவையைச் சேர்க்கும்போது பழைய வரியோடு சேர்த்து ஒரே வரியாக எழுதுங்கள். ஒரு டொமைனுக்கு இரண்டு எஸ்பிஎஃப் வரிகள் இருந்தால் இரண்டுமே செல்லாது.

நிறுவன முகவரிக்கு வருவதை ஜிமெயிலுக்கு முன்னனுப்பும்படி அமைத்தேன். அன்றிலிருந்து நல்லதெல்லாம் ஸ்பேம்.

முன்னனுப்பும்போது கடிதம் உங்கள் சர்வரிலிருந்து கிளம்புகிறது. ஆனால் அனுப்புநர் பெயர் பழையவருடையது. அவருடைய எஸ்பிஎஃப் பட்டியலில் உங்கள் சர்வர் இல்லை. சோதனை தோற்கிறது. மின்கையெழுத்து இருந்தால் தப்பிக்கலாம், நடுவில் யாரும் கைவைக்காதவரை. சங்கங்களின் குழு முகவரிகள் பொருள் வரியில் சங்கத்தின் பெயரையும், கீழே ஓர் அடிக்குறிப்பையும் ஒட்டி அனுப்பும். கையெழுத்தும் அதோடு போயிற்று. போதாததற்கு, உங்கள் சர்வருக்கு வரும் ஸ்பேமையும் அது சேர்த்தே முன்னனுப்புவதால், ஜிமெயிலின் கண்ணில் ஸ்பேம் அனுப்புவது நீங்கள்தான்.

முன்னனுப்புவதை நிறுத்துங்கள். கைப்பேசியின் அஞ்சல் செயலியில் இரண்டு கணக்குகளையும் ஐமேப் முறையில் தனித்தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே திரையில் இரண்டும் தெரியும். எந்தக் கடிதமும் இடம் மாறவில்லை.

எங்களுக்கு எழுதுகிறவர்கள் எல்லாருமே முன்பின் தெரியாதவர்கள்தான். திருமண உணவு எவ்வளவு என்று கேட்பவர்கள். தொடர்புப் பட்டியலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

இதுதான் உண்மையிலேயே கடினமான கேள்வி. உணவு ஏற்பாட்டாளர் ஒருவர் கேட்டது. ‘தெரிந்தவர்களிடமிருந்து மட்டும்’ என்ற அமைப்பு இத்தகைய தொழிலுக்கு ஆகவே ஆகாது. விசாரணைக்கென்று தனி முகவரி வைத்து, அதற்கு மட்டும் எல்லையைத் தளர்த்துங்கள்: 5 என்பதை 7 அல்லது 8 ஆக்குங்கள். கொஞ்சம் ஸ்பேம் வரும். வரட்டும். அந்த முகவரியை வேறு எதற்கும் பயன்படுத்த வேண்டாம், எந்த இணையத்தளத்திலும் அதை வைத்துப் பதிவு செய்ய வேண்டாம். கணக்கு, சம்பளம், வங்கி ஆகியவற்றுக்கு உள்ள முகவரியில் எல்லை இறுக்கமாகவே இருக்கட்டும்.

அவருடைய உண்மையான கோளாறு இணையத்தளத்தின் விசாரணைப் படிவத்தில் இருந்தது. வாடிக்கையாளர் தம் முகவரியை நிரப்பி ‘அனுப்பு’ என்றதும், படிவம் அந்த முகவரியையே அனுப்புநராகப் போட்டுக் கடிதம் அனுப்பிக்கொண்டிருந்தது. கிளம்புவது இணையத்தளத்தின் சர்வரிலிருந்து, பெயரோ வாடிக்கையாளருடையது. இது போலிக் கடிதத்தின் இலக்கணம். யாகூ 2014ஆம் ஆண்டிலிருந்தே, தன் பெயரில் வேறு சர்வரிலிருந்து வருவதை மறுத்துவிடும்படி டிமார்க்கில் அறிவித்திருக்கிறது. அதனால் யாகூ முகவரி வைத்திருந்தவர்களின் விசாரணைகள் ஒன்றுகூட வந்து சேரவில்லை. ஜிமெயில்காரர்களுடையவை சில வந்தன, சில ஸ்பேமில் விழுந்தன. முதலாளிக்கோ, யாகூ வைத்திருக்கும் மூத்த தலைமுறை தம்மை மறந்துவிட்டது என்று வருத்தம்.

திருத்தம் எளிது. படிவம் உங்கள் சொந்த டொமைனின் முகவரியிலிருந்தே அனுப்பட்டும். வாடிக்கையாளரின் முகவரியை ‘பதில் அனுப்ப வேண்டிய முகவரி’ என்ற இடத்தில் போடச் சொல்லுங்கள். இணையத்தளம் செய்துகொடுத்தவருக்குப் பத்து நிமிட வேலை. முடிந்ததும் ஒரு யாகூ முகவரி, ஒரு ஜிமெயில் முகவரி இரண்டையும் வைத்து நீங்களே படிவத்தை நிரப்பிப் பாருங்கள். விசாரணைகளின் நகல் இணையத்தளத்திலும் சேமிக்கப்படுகிறதா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.